அளவு சரியில்லை

"வாங்குறது, திருப்பி அனுப்புறது, இதே பொழைப்பா வெச்சிருக்கான் அந்தக் கிழவன். போக்குவரத்துச் செலவெல்லாம் நம்ம தலையில!" என்றார் மேனேஜர். "நேர்ல போ. கையும் களவுமாப் பிடிச்சுக் கணக்கை முடக்கு. உன்னை நிரந்தரம் பண்றது என் பொறுப்பு."

அவள் கல்லூரியில் மின்வணிகம் படித்தவள். முடித்தால் சொந்தமா ஆன்லைன் கடை போடலாம், விளம்பரப் பிரிவை ஆளலாம், கண்ணாடி அறையில் உட்கார்ந்து உலகத்துக்கே சரக்கு விற்கலாம் என்று பேராசிரியர்கள் ஆசை காட்டியிருந்தார்கள்.

கிடைத்தது ஓர் ஆன்லைன் துணிக்கடையின் ரிட்டர்ன் பிரிவு. திரும்பி வரும் சட்டைகளின் அக்குளை முகர்ந்து பார்த்து, போட்டதா போடாததா என்று சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேரின் வியர்வை அவளுக்கு அத்துப்படி.

இந்தப் பெரியவரின் சட்டைகளில் மட்டும் வியர்வையே கிடையாது. வாரம் தவறாமல் ஒன்று வாங்குவார். வந்த கையோடு திருப்பிக் கொடுப்பார். எப்போதும் ஒரே காரணம்: அளவு சரியில்லை.

பெரியவர் வீட்டு மாடிப்படியில் பக்கத்து வீட்டம்மா எதிரே வந்தாள்.

"அவரா? தனிக்கட்டையாச்சே. ஒரு மகன் இருந்தான். சண்டை போட்டுக்கிட்டுப் போனவன்தான், அப்புறம் இந்தப் படியே ஏறல."

கதவு திறந்தது. முதலில் மூக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆள் வந்தார். அப்படி ஒரு மூக்கு. மழைக்கு அதன் அடியில் ரெண்டு பேர் தாராளமாக ஒதுங்கலாம்.

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமலே கடகடவென்று படித்தார்.

"ரிட்டர்ன் பிரிவா? உள்ள வாம்மா."

ஒற்றை அறை. கட்டில், நாற்காலி. சுவரில் ஆணி மட்டும் இருந்தது, படம் இல்லை.

"இத்தனை சட்டையும் யாருக்கு சார்?"

"பையனுக்கு. நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"மின்வணிகம்."

"அவனும் அதேதான்! பெரிய ஆன்லைன் கம்பெனி. நாள் முழுக்க அலைச்சல்."

பொய் எவ்வளவு சரளமாக வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது.

"சார், டெலிவரி. போனுக்கு வந்த கோடு நம்பரைச் சொல்லுங்க."

வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பெரியவர் போனைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"நாலு... அடுத்து ஒண்ணா ஏழா, தெரியலையே தம்பி. கண்ணு மங்கல்."

"மெதுவா சொல்லுங்க சார்."

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி கொண்டாரட்டுமா?"

"டூட்டியில இருக்கேன் சார்."

"நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?"

"ஆகுது சார்."

ஒருவழியாகக் கோடு வந்து சேர்ந்தது. பெரியவர் சட்டையைப் பிரித்து அந்த ஆளின் தோளில் வைத்து நீவி நீவிப் பார்த்தார். வந்தவரும் அசையாமல் நின்றார்.

"என் பையனும் உங்க உடம்புவாகுதான். ம்ஹும், தோள்ல இறுக்கும். திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி."

திருப்புவதற்கு இன்னொரு கோடு. மறுபடியும் மங்கல் கண், மறுபடியும் ஒண்ணா ஏழா. அதற்குள் ஓர் எறும்பு மாடி ஏறி, விருந்தாடிவிட்டு, இறங்கியே போயிருக்கும்.

அந்த ஆள் படியிறங்கியதும் அவள் வெடித்தாள்.

"என் அட்டையைக் கண்ணாடி இல்லாமப் படிச்சீங்க. இப்ப ஒண்ணுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியலையா? உங்க பையன் இந்தப் படியே ஏறுறதில்லையாமே. எதுக்கு சார் இந்த நாடகம்?"

பெரியவர் முகம் சுண்டிப்போனது. "வேற என்ன வேணும்னாலும் பண்ணும்மா. கணக்கை மட்டும் நிறுத்திடாதே."

"காரணத்தைச் சொல்லுங்க, நிறுத்தல."

வாயைத் திறந்தார். அந்தப் பெரிய மூக்கு சிவந்ததுதான் மிச்சம். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

குற்றமுள்ளவனுக்குத்தான் வாய் அடைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அங்கேயே, அவர் கண்ணெதிரிலேயே, போனை எடுத்துக் கணக்கை முடக்கினாள். பெரியவர் ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் சொன்ன சொல் காப்பாற்றினார். புது அட்டை வந்தது. 'நிரந்தரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சட்டைகளை முகரும் வேலை மட்டும் மாறவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹெல்மெட் வந்து நின்றது.

"மேடம், அந்த மாடி வீட்டுப் பெரியவருக்கு இந்த வாரம் சட்டை எதுவும் இல்லையா? லிஸ்ட்ல காணோம்."

"முடக்கியாச்சு. இனிமே அவர் எதுவும் வாங்க முடியாது."

அந்த ஆள் நகரவில்லை.

"என்ன, கமிஷன் போச்சேன்னு கவலையா?" என்று சிரித்தாள்.

அவர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். முதலில் மூக்கு வந்தது.



"கமிஷன் இல்ல மேடம், எங்கப்பா. படிச்ச படிப்புக்கு ஆபீஸ் வேலை வாங்காம இந்த வாசலை மிதிக்காதேன்னு சொன்னவரு. இனிமே பார்சல் இல்லாம, அந்த வாசல்ல நான் என்ன சொல்லிக்கிட்டு நிக்கிறது?"