நான்காவது நட்டு

ஜேசுராஜ் தன் பழைய மொபெட்டுக்குப் பெரிய பிஸ்டன் போட்டதிலிருந்து ஒரு தொல்லை. தூரமாக ஓட்டினால் அதிர்வில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் நட்டுகள் கழன்றுகொள்ளும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவன் மனைவி ஜூலியட். அவன் நான்கு நட்டையும் முறுக்கி முடித்ததும், ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஹெட்வரை நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள்.

"கோடு விலகியிருந்தா நட்டு லூசுன்னு அர்த்தம். அப்படியே ஓட்டாதீங்க, நடுரோட்ல இன்ஜின் போயிடும்."

அவள் இறந்தபின் அவனே மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டான். முதலாண்டு நினைவு நாளன்று, தரங்கம்பாடியில் இருக்கும் அவள் தம்பி ஆரோக்கியத்தின் வீட்டுக்குக் கிளம்பினான். தாராசுரத்தில் இன்ஜினை ஆறவிட்டபோது நான்கு கோடுகளும் நேராக இருந்தன. அதன்பிறகு அவன் எங்குமே நிற்கவில்லை.

தம்பி வீட்டு வாசலில் இறங்கிக் குனிந்தவன் திடுக்கிட்டான். நான்காவது நட்டின் மஞ்சள் கோடு நன்றாக விலகியிருந்தது. ஸ்பேனர் வைத்து முறுக்கப் பார்த்தான், நட்டு இம்மியும் அசையவில்லை; ஏற்கெனவே இறுக முறுக்கியிருந்தது. அதன் குறுக்கே புதிதாக ஒரு சிவப்புக் கோடு.

"என்ன மச்சான், முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்றான் ஆரோக்கியம்.

ஜேசுராஜ் கோட்டைத் தொட்டான். கொதிக்கிற இன்ஜினில் அது இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.

அவளுடைய நெயில் பாலிஷ் பாட்டிலைச் சவப்பெட்டிக்குள் அவள் கையருகே வைத்தவன் அவன்தான்.