இந்த ஐப்பசியில் மழை கிடையாது

"இந்த ஐப்பசியில ஒரு சொட்டு மழை கிடையாது! பசிபிக் கடல் சூடேறிப் போய்க் கெடக்கு, எல் நினோ வந்துட்டான். குடையத் தூக்கிப் பரண் மேல போடுங்க!" என்று செல்போனைப் பார்த்து முழங்கிவிட்டு, வீடியோவை யூடியூபில் ஏற்றினான் தமிழ்க்குமரன். கடல் சூடானது உண்மை. மழை பற்றிச் சொன்னது பச்சைப் பொய், அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

பாகூர் பக்கம் 'வெதர் குமரன்' என்றால் தெரியாதவர்கள் இல்லை. அப்படிப்பட்ட புகழ். டெல்லி டிவியில் "எல் நினோ, நாட்டில் மழை குறையும்" என்றால் இவன் அதை அப்படியே ஒப்பிப்பான். இங்கே தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடும். "லா நினா, நல்ல மழை" என்பான். ஏரிக்குள் மாடு மேயும்.

ஊர் சும்மா இருக்குமா? குமரன் மழை என்றால் நெல்லைக் காயப்போடு, வெயில் என்றால் தார்ப்பாயை எடு என்று சட்டமே போட்டுவிட்டது. பிரிட்டோவின் டீக்கடைப் பக்கம் அவன் தலை தெரிந்தால் போதும், "வாப்பா வெதரு, இன்னிக்கு இன்னா, வெயிலா? டேய், துணியெல்லாம் உள்ள எடுங்கடா!" என்று பக்கத்து வயல் கண்ணையன் ஆரம்பித்துவிடுவார். கடையே குலுங்கும்.

இந்த வருடம்தான் அவன் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தான். டெல்லிக்காரர்கள் கவலைப்படுவதெல்லாம் தென்மேற்குப் பருவமழையைப் பற்றி. நம் பிழைப்போ ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் கொண்டுவரும் வடகிழக்கு மழையில் ஓடுகிறது. பசிபிக் சூடானால் அவர்களுக்குக் காயும், நமக்குப் பெரும்பாலும் கொட்டும். இத்தனை நாளும் ஊரான் வீட்டு மழையை வாங்கி நம்மூருக்கு விற்றோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கொட்டினால் முதலில் முழுகுவது அவனுடைய ஒன்றரை ஏக்கர்தான். பள்ளத்து நிலம், சம்பா நட்டு இப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. மேட்டுத் தண்ணீர் முழுக்க அவன் வயல் ஓரமாகத்தான் வடிய வேண்டும். வடிகாலில் ஆகாயத்தாமரை மெத்தை விரித்துப் படுத்திருந்தது.

வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்கினால் தூர் வாரிவிடலாம், அதுதான் ஊர் வழக்கம். ஆனால் வெள்ளம் என்று பயம் வந்தால் ஒழிய ஒருவரும் இறங்க மாட்டார்கள். "வெள்ளம் வருது" என்று இவன் உண்மையைச் சொன்னாலோ, அன்றைக்கே மண்வெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

அதற்குத்தான் இந்தப் பொய். மழை இல்லை என்று அடித்துச் சொன்னால் மறுநாளே ஊர் வடிகாலில் நிற்கும். தன் மூளையை நினைத்துத் தமிழ்க்குமரனுக்கே புல்லரித்தது.

மனைவி செல்வகுமாரியிடம்கூட மூச்சுவிடவில்லை. அவளிடம் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். அவள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"நெசமாவே மழை இல்லீங்களா?"

"சத்தியமா. இந்த தடவ ராப்பகலா படிச்சிட்டுச் சொல்றேன்டி."

"அந்த டீக்கடைல உங்கள இன்னா கிண்டல் பண்றானுங்க..." என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் பெரிய திட்டங்களில் இதையெல்லாம் பார்க்க முடியாது.

அன்று மாலை வீடு பூட்டிக் கிடந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தவள், கால் வலிக்கிறது என்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மறுநாள் டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. கண்ணையன் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "வாப்பா குமரா, குந்து. பிரிட்டோ, தம்பிக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு."

பயம் பிடித்துவிட்டது, அதுதான் இந்த மரியாதை என்று தமிழ்க்குமரன் உள்ளுக்குள் குதித்தான். ஒன்றும் தெரியாதவன்போல், "வடிகால் தூர் வார்ற வேல எதுனா இருக்கா மாமா?" என்று போட்டுப் பார்த்தான்.

"அது எதுக்குப்பா இப்ப?" என்றார் கண்ணையன், பால் வடிகிற முகத்தோடு. என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று இவன் மெச்சிக்கொண்டான்.

ஐப்பசி நடுவில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை வந்து உட்கார்ந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழை விட்டதும் தமிழ்க்குமரன் வயலுக்கு ஓடினான், பின்னாலேயே செல்வகுமாரியும். வடிகாலில் ஆகாயத்தாமரை அதே இடத்தில், பூவோடு. ஒன்றரை ஏக்கரில் பச்சை என்று ஒரு நுனிகூடத் தெரியவில்லை.

தன் வயலைப் பார்த்துவிட்டுக் கண்ணையன் தலையில் சாக்கோடு வந்தார். அவர் முகமும் செத்துக் கிடந்தது.

"ஏன் மாமா ஒரு ஆள் வரல? மழை இல்லன்னுதான சொன்னேன்? நான் எது சொன்னாலும் மாத்தித்தான செய்வீங்க? இந்த வருஷம் மட்டும் இன்னா கேடு வந்துச்சு உங்களுக்கு?"

கண்ணையன், தமிழ்க்குமரனுக்குப் பின்னால் முழங்கால் தண்ணீரில் நின்ற செல்வகுமாரியைப் பார்த்தார்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள். "நான்தாங்க வூடு வூடா போயி, இந்த ஒரு தடவையாவது எம் புருஷன் சொல்றத நம்புங்கன்னு கால்ல வுழாத கொறையா கெஞ்சினேன்!"