பொட்டு வைத்த விளக்கு

பழைய காரின் ஆயில் எச்சரிக்கை விளக்கு வளைவுகளில் மட்டும் மின்னிவிட்டு அணைந்துவிடும். தணிகாசலம் மூன்று தடவை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனார். அங்கே அது எரியவே இல்லை.

"லைட்டுதான் கோளாறு சார், வண்டி ஜம்முனு இருக்கு," என்றார் மெக்கானிக்.

"அங்கே போனதும் ஏன் வாயை மூடிக்கொள்கிறாய்?" என்று எஞ்சின் கடுகடுத்தது.

"வளைவில்தானே அண்ணே உனக்கு எண்ணெய் எட்டாமல் போகிறது? நிற்கும்போது நன்றாகத்தானே இருக்கிறாய்," என்றது விளக்கு அலுப்போடு.

மறுநாள் தணிகாசலம் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை விளக்கின்மேல் ஒட்டிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு மலை ஏறினார்.

நாலாவது வளைவில் எஞ்சினுக்கு மூச்சுத் திணறியது. "தம்பி, அவரிடம் சொல்லேன்."

"அடிவாரத்திலிருந்து அணையாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணே," என்றது விளக்கு, பொட்டுக்குப் பின்னாலிருந்து.