கோட்டுக்கு வெளியே

எழுபத்தெட்டாம் வருடம், அம்புரோஸ் போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கிரேன்களே திரும்பிப் பார்த்தன.

"பந்து கோட்டுக்கு வெளிய போச்சுலே!"

"உள்ளதான் விழுந்துச்சு. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு!" என்றேன்.

கப்பலில் வேலை பார்க்கும் அவன் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டென்னிஸ் வீடியோ கேம் அது. பந்தடிக்க ஆளுக்கொரு திருகு குமிழ். ஒரு வாரமாக நான்தான் ஜெயிக்கிறேன். நான் அடித்தால் பந்து கொழும்பில் போய் விழும்!

"ஏமாத்துக்காரப் பயலே! உன் மவனுக்கு எம்பொண்ணு கிடையாது!"

அவன் மனைவி பிளாரன்ஸ் கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"அடுத்த மாசக் கல்யாணத்தை இதுக்கா நிறுத்துதீய? இதை மாட்டுத டிவிப் பெட்டியே அடுத்த கப்பல்லதான வருது! ரெண்டு பேரும் பந்தை எங்க பாத்தீய?"

எதிரே இருந்த வெறும் சுவரை இருவரும் பார்த்தோம்.

அம்புரோஸ் பல்லைக் கடித்தான். "சரி, கல்யாணம் நடக்கட்டும். ஆனா, அந்தப் பந்து வெளியதான்!"