ஒட்டுப்போட்ட இடம்

டேப் ரெக்கார்டருக்குள் சிக்கிக் கசங்கிய நாடாவை வெட்டியெறிந்துவிட்டு, ஜெனிட்டாவும் நானும் செலோடேப்பால் ஒட்டினோம். பாட்டு அந்த இடத்தில் ஒரு கணம் ஊமையானது. எங்களிடம் இருந்தது அந்த ஒரே கேசட். அதிலிருந்த லீட் கிடார் லிக்குகளை, அந்தக் குட்டிக் குட்டி இசைத் துணுக்குகளை, துண்டு துண்டாகக் கேட்டு வாசித்துப் பழகினோம். அவளுடைய இடப்பக்கம்தான் எப்போதும் உட்காருவேன். ஒட்டுப்போட்ட இடத்தில் என்ன ஸ்வரம் என்று இருவருக்கும் தெரியாது. விரலைத் தூக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். பிற்பாடு முழுப் பாட்டையும் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. இந்தப் பாழாய்ப்போன விரல்தான் திருந்தவில்லை.

இன்று கிடார் கம்பி வாங்கப் போன கடையில், நரைத்த தலையோடு ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிடார் ஒன்றை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே லிக்.

“நல்லாத்தான் வாசிக்கிறாங்க சார். நடுவுல ஒரு நோட்ட விட்டுட்டாங்க,” என்றார் கடைக்காரர்.

“விடலைங்க,” என்றேன்.

அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அந்த இடம் வந்தது. விரல் எழுந்தது. முகம் சிரிப்போடு இடப்பக்கம் திரும்பியது. அங்கே ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது.