ஒன்பது ஆண்கள்

ஆதிமனிதனின் தாடையென்று இருபது ஆண்டுகள் கண்ணாடிப் பெட்டியில் கொலுவிருந்தது குரங்கின் தாடை என்று தெரிந்துபோனதும், போலியைச் செய்தவனைத் தேடி அருங்காட்சியகத்துக்கு விசாரணைக் குழு வந்தது. சந்தேகப் பட்டியலில் இருந்த ஒன்பது பேரும் ஆண்கள். எலும்புகளைத் துடைத்துச் சீட்டு ஒட்டும் பாக்கியவதி அந்தப் பட்டியலை இருமுறை படித்தாள்.

“நான்தான் சார் செஞ்சேன். கடுக்காய்த் தண்ணியில துருப்பிடிச்ச ஆணியோட ஊறப்போட்டா எலும்பு கறுத்துடும். பல்லை அரத்தால ராவினேன்.”

குழுத் தலைவர் சிரித்தார். “யாரைம்மா காப்பாத்தப் பாக்கறீங்க? இதுக்கெல்லாம் பெரிய மூளை வேணும்.”

வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னாள். ஆனால் அவளால் முடியாது என்றல்லவா சொல்கிறார்!

“அப்படியா சார்? மிச்சப் பெட்டியில இருக்கறதுல எதெது அசல்னு அந்தப் பெரிய மூளையை வச்சே கண்டுபிடிச்சுக்கங்க” என்று சாவிக்கொத்தை அவர் முன்னால் வைத்தாள்.