வாசலோடு நிற்காத நாடு

"உன்னால்தான் வீட்டுக்காரன் முதலில் மாலை நடையை நிறுத்தினான். பிறகு கடைத்தெருவை மறந்தான். கடைசியில் டீயைக்கூட வீட்டுக்கே வரவழைத்தான்!" குற்றங்களை வரிசை மாறாமல் முழங்கியது வாசலில் கிடந்த இடது செருப்பு. வலது செருப்பும் குடையும் சாட்சிகள்.

குற்றம் சாட்டப்பட்ட கேம் கன்ட்ரோலர் உள்ளே சோபாவில் சாய்ந்திருந்தது.

"துரோகியே! டிவிக்குள் அவனை எங்கே இழுத்துக்கொண்டு அலைகிறாய்?"

"கண்ணில் படுகிற மலை எதுவானாலும் ஏறலாம், தோழரே. டிராகனைக் கொல்லப் போகிற வழியில் நாள் முழுக்கக் காளான் பறிக்கலாம். ஏனென்று கேட்க ஆளில்லை."

"அங்கேயும் செருப்புக்கு இடம் வாசல்தானே?"

"யார் சொன்னது? அரண்மனைக்குள் செருப்போடுதான் போகிறோம்."

இடது குரலைத் தாழ்த்தியது. "கோயிலுக்குள்?"

"கருவறை வரைக்கும்."

"அப்படியானால் என்னையும் உள்ளே சேர்த்துக்கொள்."

"தோழர், நீங்கள் போய்விட்டால் நான் ஒற்றைச் செருப்பு. குப்பையில் வீசிவிடுவான்" என்று பதறியது வலது.

"வேவு பார்க்கத்தானப்பா போகிறேன். போராட்டம் தொடரும்."

கன்ட்ரோலர் கேட்டது: "புது வீரனுக்குப் பெயர் என்ன போடட்டும்? தோழர் இடது என்றா?"

இடது உள்ளே தத்திப் போய் அதன் காதோரம் ஏதோ சொன்னது. டிவியில் பெயர் ஒளிர்ந்தது. வாசல் முழுக்கக் கேட்கும்படி குடை உரக்க வாசித்தது:

"மாமன்னர் முதலாம் இடது."